மீனுக்கு முன்னால் தண்ணீர்

ஹக்கீமின் ஜவுளிக்கடை முகப்பில் பன்னிரண்டு நாளாக ஒரு கண்ணாடித் தொட்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே கழுவிய மணல் இருந்தது, நான்கைந்து கொத்து வேலம்பாசிச் செடி இருந்தது, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை தண்ணீர் இருந்தது. மீன் இல்லை.

பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் மாரப்பன் தினமும் சைக்கிளை நிறுத்துவார். அவருக்கு நாலு எருமையும் நிறைய நேரமும் உண்டு.

"ஏனுங்க ராவுத்தரே, இன்னும் மீன் வரலீங்களா?"

"மீன் எதுக்குங்க? எங்க மாப்ளே தண்ணி வளர்க்கறாரு," என்றான் ஹக்கீம், கஜக்கோலால் தொட்டியைச் சுட்டிக்காட்டி. "கொஞ்சம் பெருசாகட்டும். அறுத்து வித்துரலாம்."

துணி எடுக்க வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மாப்ளே என்று அவன் சொன்னது தங்கை நூர்ஜஹானின் கணவன் மொய்தீனை. மொய்தீன் முழங்காலிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

"நீங்க சும்மா தொடைக்காதீங்க மாப்ளே," என்றான் ஹக்கீம். "ஒரு கை சலவைச் சோடா போடுங்க. தண்ணி நல்லா வெளுத்துரும்."

ஆள் இருக்கும்போது ஹக்கீம் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வான். அந்த மரியாதைதான் அதிகம் குத்தும்.

இது எழுபத்து நான்காம் வருடம், ஆடி கடைசி. மீனாட்சிபுரத்தில் அந்தக் கடையை வைத்தது ஹக்கீமின் அத்தா. அவர் இறந்து ஆறு வருடமாகிவிட்டது. கடையில் தனக்கும் பங்கு உண்டு என்று நூர்ஜஹான் ஒரே ஒரு முறை, போன பெருநாளன்று, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அன்றிலிருந்து அண்ணன் தங்கையிடம் நேராகப் பேசுவதில்லை. கடைசியில் தாய் பாத்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு முடிவு சொன்னாள். கடையைப் பெரிதாக்கித் திறக்கிற வெள்ளிக்கிழமை தொட்டியில் மீன் உயிரோடு நீந்தினால், முகப்பில் ஆறடி இடம் மொய்தீனுக்கு. அவன் அங்கே மீனும் தொட்டியும் விற்றுக்கொள்ளலாம். நீந்தாவிட்டால் அவன் மலைப்பக்கத்து அகளிக்குப் போய் ஹக்கீமின் மளிகைக்கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நூர்ஜஹான் பங்கு என்ற பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மொய்தீனுக்கு மீன் பைத்தியம் பிடித்தது சின்னக்கானலில். தேயிலைத் தோட்ட பங்களாவில் நாலு வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தான். அங்கே துரை ஒரு தொட்டி வைத்திருந்தார். வாங்கி வந்த அன்றே மீனை விடுவார். ஒரு வாரத்தில் எல்லாம் செத்து மிதக்கும். மறுபடி வாங்குவார். மூன்றாவது முறைக்குப் பிறகுதான் மொய்தீனுக்கு ஒன்று புரிந்தது. மீன் வளர்ப்பது என்பது பெரும்பாலும் மீன் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிற வேலை. தண்ணீர் சரியாக இருந்தால் மீன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

தொட்டியையும் அவனே செய்தான். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பொள்ளாச்சியில் ஆங்கிள் இரும்பை வெட்டிப் பற்றவைத்து ஒரு கூடு செய்து, அதன் உட்பக்கமாகக் கண்ணாடிகளைப் பதித்தான். இரும்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் மக்கு. சாக்பீஸ் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் மக்கு. கண்ணாடியை வெளிப்பக்கம் வைத்து ஒட்டினால் தண்ணீர் அதைத் தள்ளி விழவைத்துவிடும். உள்ளே வைத்தால், தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்குக் கண்ணாடி இரும்போடு அழுந்தும். ஒழுக வைக்கப் பார்க்கிற தண்ணீரே ஒழுகலை அடைக்கிற வேலையையும் செய்கிறது. இதை மொய்தீன் மாமியாரிடம் விளக்கியபோது பாத்து, "அப்ப இந்தக் குடும்பத்த உள்ளார வெச்சு ஒரு மக்கு போடேன்," என்றாள்.

நிரப்பும்போதும் அவசரப்படவில்லை. நிறைந்த தொட்டி நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். முதல் நாள் கால் பங்கு, மறுநாள் அரை, பிறகு முழுக்க. ஒரு மூலையில் வியர்வை போல நாலு துளி வந்தது. இரண்டு நாளில் நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டு மணல் போட்டான். ஆற்று மணலைப் பதினேழு முறை அலசினான். பிறகு ஒரு பிடி மணலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காதருகே வைத்துக் கேட்டான். சுண்ணாம்புக் கல் கலந்திருந்தால் சோடா பாட்டில் போல நுரைத்துச் சத்தம் வரும். வரவில்லை. நல்ல மணல்.

தண்ணீர்தான் தகராறு. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். ஹக்கீம் கேட்டதோ ஏஞ்சல் மீன். கோயமுத்தூரில் ஒரு கடையில் பார்த்திருக்கிறான். துணியைப் பிரித்து விரித்த மாதிரி துடுப்பு, ஜவுளிக்கடைக்குப் பொருத்தம் என்றான். அந்த மீன் மென்மையான தண்ணீரில் வாழ்வது. எனவே கிணற்றுத் தண்ணீர் பாதி, மழைத்தண்ணீர் பாதி என்று மொய்தீன் கணக்குப் போட்டான். ஓட்டுக்கூரையில் முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட வேண்டும். அது தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போகும். அதன்பின் வருவதைப் பிடித்து ஒரு வாரம் பத்து நாள் தெளிய விட வேண்டும். ஆறு குடம் தண்ணீர் பிடிக்க வீட்டில் ஒரே ஒரு பாத்திரம்தான் இருந்தது. பரணில் கிடந்த பிரியாணித் தேக்சா.

"அது என்ற நிக்காஹுக்கு எங்க அத்தா சீரா குடுத்தது," என்றாள் பாத்து. "அதுல மீனு குளிக்கப் போவுதா?"

"மீன் அதுல போகாதுங்க மாமி. தண்ணி மட்டுந்தான்."

"தண்ணிய ஊர்ல எல்லாரும் மண்பானைல வெப்பாங்க."

"பத்துப் பானை வேணுங்க மாமி."

"தேக்சாவுல ஒரு கீறல் விழுந்துது, மருமகன்னுகூடப் பாக்க மாட்டேன்."

தேக்சாவை இறக்கியபோது அது பழுப்பேறிக் கிடந்தது. உள்ளே ஒரு தூசு இருந்தாலும் அண்ணன் அதை வைத்தே பேசுவான் என்று நூர்ஜஹான் புளியும் சாம்பலும் போட்டு உள்ளும் புறமும் ஒரு மணி நேரம் தேய்த்தாள். முகம் பார்க்கலாம் போல ஆனது. பத்து நாள் மழைத்தண்ணீர் அதில் தெளிந்தது. அதிலிருந்து ஐந்து குடமும் கிணற்றுத் தண்ணீர் ஐந்து குடமும் தொட்டிக்குள் போயின.

அதன்பின் வேலம்பாசியை நட்டுவிட்டுக் காத்திருந்தான். இந்தக் காத்திருப்பைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. மீன் தின்னும், கழிக்கும். அந்தக் கழிவு தண்ணீரில் விஷமாகும். ஆற்றில் அது ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடும்? மணலிலும் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் குடியேறி அந்த விஷத்தைத் தின்று செடிக்கு எருவாக்கித் தரவேண்டும். புது மணலில் அவை கிடையாது. அவை குடியேறிப் பெருக நாள் பிடிக்கும். பாலில் உறை ஊற்றிவிட்டுக் காலையில் பார்ப்பது போலத்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் தயிராகிவிடாது.

"பொள்ளாச்சி சந்தைல மீன் கெடைக்குது," என்றான் ஹக்கீம். "இன்னிக்கே வாங்கி உட்டா என்ன?"

"செத்துரும் மச்சான்."

"செத்தா வேற வாங்கறது."

"அதுக்கு எதுக்குத் தொட்டி? நேரா கொழம்பு வெச்சிரலாமே."

பன்னிரண்டு நாளில் கண்ணாடியில் பச்சைப் பாசி ஒரு துளிகூடப் படியவில்லை. தொட்டி பளிங்காக இருந்தது. மொய்தீன் அதைத் தன் கைவேலையின் அடையாளம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முன்னோட்டமாக மூன்று மானத்துக்கண்ணியை விட்டான். நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு வயல் வாய்க்காலில் மேலாக நீந்துமே, அந்தச் சின்ன மீன். கூடவே எட்டு நத்தை. இவை மறுநாளும் நன்றாக இருந்தால் செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் போய் ஏஞ்சல் வாங்கி வரலாம்.

திங்கட்கிழமை காலை எட்டு நத்தையும் மணலில் வாயைச் சாத்திக்கொண்டு கிடந்தன. இரண்டு மானத்துக்கண்ணி செத்திருந்தது. மூன்றாவது மேல்மட்டத்தில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மொய்தீன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

ஹக்கீம் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், என்ன போட்டீங்க?"

"என்னது?"

"தண்ணிலீங்க. சோடாவா? ப்ளீச்சிங் பவுடரா?"

ஹக்கீம் கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தான். அந்த நேரம் பார்த்து மாரப்பன் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். தினமும் ஒற்றைக் காலை ஊன்றித்தான் நிற்பார்.

"காலங்காத்தால கடை வாசல்ல நின்னுட்டு என்ன பேச்சு பேசறீங்க மாப்ளே?"

"நேத்து சாயங்காலம் நல்லா இருந்துது. ராத்திரி சாவி உங்ககிட்டதான் இருந்துது. வேற யாரு வந்தா?"

ஹக்கீமின் முகம் மாறியது. 'நீங்க' போயிற்று.

"டேய் மொய்தீனு. நான் கொல்றதா இருந்தா மீனையா கொல்லுவேன்?"

கடைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டுப் பாத்துவும் நூர்ஜஹானும் நடைக்கு வந்துவிட்டார்கள். பெருநாளுக்குப் பிறகு முதல்முறையாக நூர்ஜஹான் அண்ணனைப் பார்த்துப் பேசினாள்.

"சோடா போட்டா வெளுத்துரும்னு சொன்னது நீதானண்ணே? மாரப்பண்ணா, நீங்க இருந்தீங்கல்ல, கேட்டீங்கல்ல?"

"கேட்டனுங்க," என்றார் மாரப்பன். "தமாசுக்குச் சொன்ன மாதிரித்தான் இருந்துச்சு."

"தமாசுக்கே மூணு உசுரு போச்சு."

"அல்லா மேல ஆணையா..." என்று ஹக்கீம் ஆரம்பித்தான்.

"அல்லாவ இழுக்காத," என்றாள் பாத்து. அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மிதந்த மீன்களை விடவும் சாத்திக் கிடந்த நத்தைகள் அவளை என்னவோ செய்தன. "ஒன்ற வாய்தான் ஒனக்குச் சத்ரு. சொன்னவன் செஞ்சிருப்பான்னுதான் ஊரு நெனைக்கும், நானும் நெனைக்கறேன். வெள்ளிக்கிழமை கடையத் தொற. மீனுக்கு இன்னும் பதினஞ்சு நாளு அவனுக்குக் குடு. அதுவரைக்கும் அகளிப் பேச்சு வேண்டாம்."

ஹக்கீம் வாயைத் திறந்து மூடினான். அன்று முழுக்க அவன் யாருக்கும் துணியை ஒழுங்காக அளக்கவில்லை.

மொய்தீனுக்குப் பதினைந்து நாள் கிடைத்தது. அது போதாது என்று அவனுக்குத் தோன்றியது. ஹக்கீம் என்ன போட்டான் என்று காட்டி, ஊர் முன்னால் அவன் வாயை அடைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து எலுமிச்சை பிழிந்தான். சலவைச் சோடா கரைந்திருந்தால் பொங்கும். பொங்கவில்லை. விரலில் தேய்த்துப் பார்த்தான். சோடாவின் வழவழப்பும் இல்லை. முகர்ந்தான். ப்ளீச்சிங் பவுடர் வாசனை ஒளியாது; இதில் மணமே இல்லை.

எனவே முறையாக இறங்கினான். மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில். ஒன்றில் தொட்டித் தண்ணீர். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் தேக்சாவில் மிச்சமிருந்த மழைத்தண்ணீர். அந்த மூன்றாவது வெறும் ஒப்பீட்டுக்கு. ஹக்கீம் தேக்சா பக்கமே வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் வாய்க்காலில் பிடித்த இரண்டு நத்தை. செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

கிணற்றுத் தண்ணீரில் நத்தைகள் பத்து நிமிடத்தில் கொம்பை நீட்டிக் கண்ணாடியில் ஏறின. தொட்டித் தண்ணீரில் பாதி ஏறி, மதியத்துக்குள் கீழே விழுந்தன. தேக்சா தண்ணீரில் அவை வெளியே வரவே இல்லை.

மொய்தீன் நெடுநேரம் அந்த மூன்றாவது பாட்டிலைப் பார்த்தான். பிறகு கொல்லைக்குப் போய்த் தேக்சாவைச் சாய்த்து, மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

செம்புத் தேக்சாவின் உட்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த வெள்ளை செம்பு அல்ல, வெள்ளீயம். பாத்திரத்தைச் சூடாக்கி, உருகிய ஈயத்தைத் துணியால் தேய்த்துப் பூசுவார்கள். உணவுக்கும் செம்புக்கும் நடுவில் இருப்பது அந்தக் காகிதக் கனம்தான். ஆண்டுக்கு ஆண்டு அது தேயும், மறுபடி பூச வேண்டும். இந்தத் தேக்சாவின் அடி சிவப்பாக இருந்தது. பக்கங்களிலும் முழங்கை உயரத்துக்கு ஈயம் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. மிச்சம் ஒட்டியிருந்ததைப் புளியும் சாம்பலும் கொண்டுபோயிருக்கும்.

மீதியை அவன் மனதுக்குள் தானே கோத்துக்கொண்டான். கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே வயிறு நிறைந்த தண்ணீர். சுண்ணாம்பும் உப்பும் கரைந்து கிடப்பதால் செம்பை லேசில் தொடாது. பொருக்குக் கட்டி அதை மூடிக்கூட விடும். மழைத்தண்ணீர் பசித்த தண்ணீர். எதில் நிற்கிறதோ அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பத்து நாள் செம்பைத் தின்றிருக்கிறது. மனிதன் அதைக் குடித்தால் ஒன்றும் தெரியாது. மீனுக்கும் நத்தைக்கும் அந்தத் தண்ணீர்தான் மூச்சு. பாசி பிடிக்காததும் இதனால்தான். கண்ணாடியில் ஒரு துளிப் பச்சைகூட முளைக்காத தொட்டியில் எதுவும் வாழாது என்பதை அவன் பன்னிரண்டு நாளும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

நூர்ஜஹானைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நான்தான் புளி போட்டுத் தேச்சேன்," என்றாள் அவள்.

"நாந்தான் இத எறக்கச் சொன்னேன்."

"சரி, யாரும் பாக்கல. நல்ல தண்ணி புடிங்க. பதினஞ்சு நாளு இருக்குதில்ல?"

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு கடை தொறப்புக்கு நூறு பேருக்குப் பிரியாணி. இதுலதான்."

நூர்ஜஹான் குனிந்து தேக்சாவின் அடியை விரலால் தடவினாள். தயிர், எலுமிச்சை, தக்காளி எல்லாம் இந்தச் செம்பில் மூன்று மணி நேரம் வேகும். புளிப்புப் பட்ட செம்பில் பச்சையாகக் களிம்பேறும் என்று சமையலறையில் வளர்ந்த அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு பேரும் வாந்தி எடுப்பார்கள்.

"ஈயம் பூசணும்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் கடைசியில். "மீனப் பத்திப் பேசாதீங்க. ரெண்டும் வேற வேற."

அது சரியான யோசனைதான். புதன்கிழமை காலை மொய்தீன் கடைக்குப் போய் அப்படியே சொன்னான். ஹக்கீம் கணக்குப்பிள்ளை மேசையில் இருந்து நிமிரவில்லை.

"போன வருசந்தான் பூசினது."

"தேஞ்சு போச்சு மச்சான். நீங்களே வந்து பாருங்க."

"நான் எதுக்கு வரணும்? நான் தொட்டதெல்லாம் வெசம்னு ஊர் பூராச் சொல்லியாச்சு. தேக்சாவத் தொட்டா அதுலயும் சோடா போட்டேன்னு சொல்லுவே."

"பாலக்காட்டுல இருந்து ஈயம் பூசறவர வரச்சொல்ல ரெண்டு நாளாகும். இல்லாட்டி வேற தேக்சா..."

"வெள்ளிக்கிழமை விருந்து நின்னு போகணும். அதான உன்ற கணக்கு?" ஹக்கீம் எழுந்தான். "மீன் செத்ததுக்கு என்னக் குத்தவாளி ஆக்கினே. எங்கம்மா என்ன நம்பல. இப்ப நூறு பேரு முன்னால எலையப் போட்டுட்டுச் சோறு இல்லைன்னு நிக்கோணும். வெறுதே நின்னு பேசாத, போ. அந்தத் தேக்சாவுலதான் ஆக்குவேன். உனக்காகவே ஆக்குவேன்."

மொய்தீன் மாமியாரிடம் போனான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணில் புரை விழுந்திருந்ததால் சிவப்பும் வெள்ளையும் அவளுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. "தேச்சுப் பளபளன்னுதான இருக்குது," என்றாள்.

அன்று மாலை வீட்டில் நூர்ஜஹான் தயிர்ச் சட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மொய்தீன் தேக்சாவின் அடியில் இரண்டு அகப்பை தயிர் ஊற்றினான். அதே தயிரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்திலும் ஊற்றினான். இரண்டையும் மூடிவைத்தான். பதினோரு மணிக்குத் தேக்சாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்து, ஹக்கீமின் மேசை முன்னால் இறக்கி, மூடியைத் திறந்தான். நூர்ஜஹான் கிண்ணத்தோடு பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் பாத்து. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். மாரப்பனைச் சொல்ல வேண்டியதில்லை.

கிண்ணத்தில் தயிர் வெள்ளையாக இருந்தது. தேக்சாவில் ஓரமெல்லாம் மயில் கழுத்து நிறம். மொய்தீன் அதில் ஒரு சொட்டு எடுத்து மாமியாரின் நாக்கில் வைத்தான். அவள் காறித் துப்பினாள்.

"களிம்பு!" என்றாள் பாத்து. "யா ரப்பே. இதுலயா ஆக்கப் போற?"

ஹக்கீம் குனிந்து பார்த்தான். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தான். தான் செய்யவிருந்த தவறு அவனுக்குப் புரிந்தது. அது புரிந்த உடனே இன்னொன்றும் புரிந்தது. அவன் முட்டாள் அல்ல.

"மழைத்தண்ணிய எதுல வெச்சிருந்தே?"

நூர்ஜஹான் மொய்தீனின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். மண்பானையில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து நாள் தேக்சா கொல்லையில் நிறைந்து நின்றதை அந்த வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதைவிட, ஒன்று எப்படி நடந்தது என்று தெரிந்தபின் வேறு மாதிரி நடந்ததாகச் சொல்ல அவன் நாக்கு வளையவில்லை.

"இதுலதான் மச்சான்."

"அப்ப மீனு?"

"இதுலதான். நீங்க ஒண்ணும் போடல."

"சத்தமாச் சொல்லுங்க மாப்ளே," என்றான் ஹக்கீம். மரியாதை திரும்பி வந்துவிட்டது. "மாரப்பண்ணனுக்குக் காது கேக்கல."

"எனக்கு நல்லாக் கேட்டுதுங்க," என்றார் மாரப்பன்.

"நாந்தான் கொன்னேன். மச்சான் ஒண்ணும் போடல," என்றான் மொய்தீன், சத்தமாக.

ஹக்கீம் தாயின் பக்கம் திரும்பினான். அவள் அவனைப் பார்க்காமல் தேக்சாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு நாளு எதுக்குக் குடுத்தீங்க? நான் வெசம் வெச்சேன்னு. இப்ப யாரு வெச்சது?"

"நூறு பேரு வயித்த அவன் காப்பாத்தியிருக்கான்டா."

"அது வேற, இது வேற. பேசினது மீனு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. மீனு எங்க?"

பாத்து மூடியை எடுத்துத் தேக்சாவை மூடினாள். பேசியது மீன்தான்.

பிரியாணிக்குப் பள்ளிவாசல் தேக்சாவைக் கேட்டு வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் வந்தது. ஹக்கீம் தொட்டியைக் காலி செய்ய விடவில்லை. மீனில்லாத தொட்டி அப்படியே முகப்பில் நிற்க வேண்டும், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மொய்தீன் உட்கார வேண்டும் என்றான்.

"யாராச்சும் மீன் எங்கேன்னு கேட்டா, நீங்களே பதில் சொல்லுங்க மாப்ளே. நான் சொன்னா நல்லா இருக்காது."

முதலில் கேட்டவர் ஒரு தேங்காய் வியாபாரி. "மீன் எங்கப்பா?"

"செத்துருச்சுங்க. நாந்தான் கொன்னேன்."

"எப்படி?"

எப்படி என்று யாராவது கேட்டால் மொய்தீனால் ஒரு வரியில் நிறுத்த முடியாது. கிணற்றுத் தண்ணீரில் ஆரம்பித்தான். ஏன் பருப்பு வேகவில்லை என்றான். மழைத்தண்ணீரின் பசியைச் சொன்னான். ஈயத்தின் காகிதக் கனத்தைச் சொன்னான். தேங்காய் வியாபாரி கை கழுவப் போகாமல் நின்றார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். முக்காடு போட்ட ஒரு பெண், தன் வீட்டுத் தேக்சாவுக்கு ஈயம் பூசி மூன்று வருடமாகிறது, நாளைக்குப் பாயசம் காய்ச்சலாமா என்று கேட்டாள். பாயசம் ஆகட்டும், மாங்காய் வேண்டாம் என்றான். மருதாத்தாள் என்ற கிழவி செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்துத்தான் எழுபது வயது ஆனேன் என்று சண்டைக்கு வந்தாள். அது உப்புத் தண்ணீர், குடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு இருக்கும், அதுதான் உங்களைக் காப்பாற்றியது என்றான். அவள் சந்தேகத்தோடு போய், அரை மணி நேரத்தில் குடத்தோடு திரும்பி வந்தாள்.

மூன்று மணிக்கு முகப்பில் நின்ற கூட்டம் துணி பார்க்க வந்தவர்களுக்கு வழி விடவில்லை. டெரிலின் கட்டுகளை விரித்துப் போட்டுக்கொண்டு ஹக்கீம் உள்ளே தனியாக நின்றிருந்தான். ஒரு கட்டத்தில் மேசையைத் தட்டினான்.

"போதும் மாப்ளே! எந்திரிங்க!"

"இவங்க ஒரு சந்தேகம் கேக்கறாங்க மச்சான்."

"எல்லாச் சந்தேகத்தையும் அகளில போய்த் தீத்துக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்று ஹக்கீமுக்குத் தெரியவில்லை. மொய்தீன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

சனிக்கிழமை காலை பாலக்காட்டு பஸ்ஸுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஜமக்காளச் சுருட்டும் வந்தன. கூடவே நூர்ஜஹானும் வந்தாள்.

"நீ எங்க போற?" என்றான் ஹக்கீம். நேராக அவளைப் பார்த்து.

"அவரு போற எடத்துக்கு."

"பேசினது என்ன?"

"பங்கு கேக்க மாட்டேன்னுதான் பேசினது. இங்கயே கெடப்பேன்னு எவ சொன்னா?"

பாத்து வாசற்படியில் நின்று முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் அவளிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. ஹக்கீம் அகளிக் கடைச் சாவியை எடுத்து மொய்தீனின் உள்ளங்கையில் போட்டான்.

"மச்சான்," என்றான் மொய்தீன், படியில் ஒரு கால் வைத்து. "அகளில தண்ணி எப்படி? பருப்பு வேகுமா?"

ஹக்கீம் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்து, "ரைட், ரைட்!" என்றான், கண்டக்டர் சொல்வதற்கு முன்பே.